கோஹன்: ஒரு பதவி குடும்பப் பெயரான கதை

நேயர்களுக்கு வணக்கம்.

பைபிளிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கின்றன. ஆபிரகாம், யாக்கோபு, தாவீது, தோமா என்று ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு பெரியவருக்கு இருந்த பெயர், பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் குடும்பப் பெயராக நிலைத்துவிடும். பெரும்பாலும் நடந்தது இதுதான். ஆனால் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பெயர் அந்த வகை இல்லை. கோஹன் என்ற பெயரில் பைபிளில் ஒரு மனிதரும் கிடையாது. அது ஒரு பதவி. அந்தப் பதவிக்கான எருசலேம் ஆலயம் இடிந்து 1,950 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வேலை போனது, வேலை செய்த இடமும் போனது. பெயர் மட்டும் போகவில்லை. இன்றைக்கு இஸ்ரேலில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் கோஹன்தான். அதற்கு அடுத்த இடத்தில் இருப்பது லெவி. அதுவும் இதே வேலையோடு தொடர்புள்ள பெயர்.

எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருள், கடவுளுக்கு முன்னால் நின்று பலி செலுத்துகிறவர் என்பது. தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு 'ஆசாரியன்' என்று சொன்னால் உடனே புரியும். கத்தோலிக்கர்கள் படிக்கும் மொழிபெயர்ப்பில் 'குரு' என்று இருக்கும். பெயரையும் பதவியையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, பதவியை ஆசாரியர் என்றும் குடும்பப் பெயரைக் கோஹன் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பைபிளில் இந்தச் சொல் முதன்முதலில் யாருக்கு வருகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அவர் இஸ்ரவேலர் அல்ல. ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆபிராமை ஆசீர்வதிக்கிறாரே, சாலேமின் ராஜா மெல்கிசேதேக், அவர்தான். பிறகு எகிப்தில் யோசேப்புக்குப் பெண் கொடுத்த போத்திபிராவும், மோசேயின் மாமனாரான மீதியானின் எத்திரோவும் இதே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். ஆக, தொடக்கத்தில் இது எந்தச் சமயத்தின் பூசாரிக்கும் பொருந்திய பொதுச் சொல்.

அது ஒரே குடும்பத்தின் சொத்தாவது யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில். மோசேயின் அண்ணன் ஆரோனும் அவருடைய நாலு மகன்களும், நாதாப், அபியூ, எலெயாசார், இத்தாமார், ஆசாரியர்களாக நியமிக்கப்படுகிறார்கள். தம்பிதான் மக்களை எகிப்திலிருந்து நடத்திக்கொண்டு வந்தவர், கடவுளோடு பேசியவர். ஆனாலும் தம்பியின் பிள்ளைகளுக்கு அந்தப் பதவி கிடையாது. மோசேயின் மகன்கள் வெறும் லேவியர்களாக எண்ணப்பட்டார்கள் என்று நாளாகமம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. ஆசாரியர் எல்லோரும் லேவி கோத்திரத்தார். லேவியர் எல்லோரும் ஆசாரியர் அல்ல. ஆரோனின் நேர் ஆண் வழியில் வந்தவர் மட்டுமே ஆசாரியர். யூத மரபில் ஒருவர் யூதரா என்பது தாயை வைத்து. ஆசாரியரா என்பது தகப்பனை வைத்து. இந்த இரண்டு கணக்கும் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

பதவி பெரியதாக இருந்தாலும் நிலம் கிடையாது. மற்றக் கோத்திரங்களுக்குத் தேசம் பங்கு போடப்பட்டபோது ஆரோன் வம்சத்துக்குக் காணி இல்லை என்று எண்ணாகமம் 18ஆம் அதிகாரம் கறாராகச் சொல்கிறது. மக்கள் கொண்டுவரும் காணிக்கையில்தான் சாப்பாடு. அப்படியானால் யார் உண்மையான ஆசாரியர், யார் இல்லை என்பது மரியாதைக் கேள்வி மட்டும் இல்லை, வயிற்றுக் கேள்வியும்கூட. அதனால்தான் வம்ச அட்டவணைக்கு அவ்வளவு மதிப்பு.

இதற்கு எஸ்றா புத்தகத்தில் ஓர் அருமையான சான்று இருக்கிறது. குடும்பப் பெயர்களைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள் பாபிலோனிலிருந்து திரும்பி வருகிறார்கள். யார் யார், எந்தக் குடும்பம், எத்தனை பேர் என்று கணக்கு எடுக்கிறார்கள். சில குடும்பங்கள் 'நாங்களும் ஆசாரியர்கள்தான்' என்கின்றன. அட்டவணையில் தேடினால் பெயர் இல்லை. அவற்றில் ஒரு குடும்பத்தின் பெயர் பர்சிலாயி. அது எப்படி வந்த பெயர் தெரியுமா? அவர்களுடைய முன்னோர் ஒருவர் கிலேயாத்தியனான பர்சிலாயியின் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மனைவி வீட்டுப் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டார். பெயர் மாறியதால்தான் அட்டவணையில் தொலைந்தார்களா என்று அந்த நூல் சொல்லவில்லை. ஆனால் அவர்களைப் பற்றிய குறிப்பில் இந்தப் பெயர் மாற்றத்தை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஆளுநர் தீர்ப்புச் சொல்கிறார்: கடவுளின் முடிவைக் கேட்டறியப் பயன்பட்ட ஊரீம், தும்மீம் உள்ள ஓர் ஆசாரியர் எழும்பும்வரை இவர்கள் மகா பரிசுத்தமானதைச் சாப்பிடக்கூடாது. இல்லை என்று தள்ளவும் இல்லை, ஆமாம் என்று சேர்க்கவும் இல்லை. ஒத்தி வைத்துவிட்டார்.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் யோசேபஸ் தாமே ஆசாரியக் குடும்பத்தவர். எகிப்திலோ பாபிலோனிலோ குடியிருக்கும் ஆசாரியர்கள்கூடத் திருமணம் செய்யும்போது மணப்பெண்ணின் வம்ச விவரத்தை எருசலேமுக்கு எழுதி அனுப்பிப் பதிந்துகொள்வார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். போர் வந்து ஏடுகள் அழிந்தால், பிழைத்திருக்கும் ஆசாரியர்கள் மறுபடி எழுதுவார்களாம்.

பிறகு கி.பி. 70. தீத்துவின் தலைமையில் ரோமப் படை எருசலேமைப் பிடித்தது. ஆலயம் எரிந்தது. பலிபீடம் இல்லை, பலி இல்லை.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். முடியவில்லை. ஆலயம் இல்லாமலே செய்யக்கூடிய சில காரியங்கள் ஆசாரியர் கையில் தங்கின. யூதர்கள் கூடித் தொழும் ஜெப ஆலயத்தில், மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளை வாசிக்கும்போது முதல் அழைப்பு ஆசாரியருக்கு, இரண்டாவது லேவியருக்கு, அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. தலைச்சன் ஆண் குழந்தை பிறந்து 30 நாள் ஆனதும் ஐந்து சேக்கல் மதிப்புள்ள வெள்ளியை ஓர் ஆசாரியரிடம் கொடுத்துக் குழந்தையை மீட்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. எல்லாவற்றிலும் அழகானது ஆசீர்வாதம். 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்' என்று தொடங்கும் எண்ணாகமம் 6ஆம் அதிகார வசனங்கள். எபிரேயத்தில் மொத்தம் 15 சொற்கள். முதல் வரியில் மூன்று, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் ஏழு. வரிக்கு வரி வாழ்த்து பெருகிக்கொண்டே போகிறது.

இதை வானொலியில் காட்ட முடியாது என்பதால் நீங்களே செய்து பாருங்கள். கையை முன்னால் நீட்டுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒட்டியிருக்கட்டும். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியிருக்கட்டும். இந்த இரண்டு ஜோடிக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். கட்டைவிரல் தனியாக. முதல் தடவை விரல்கள் சொன்னபடி கேட்காது. சரி, இரண்டு கைகளையும் இப்படி வைத்துக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டு, தொழுகைச் சால்வையால் தலையையும் கையையும் மூடிக்கொண்டுதான் ஆசாரியர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார்கள். அதற்கு முன் லேவியர்கள் அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்களை நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்பது வழக்கம். சிறுவனாக இருந்தபோது விரல் இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டவர் நடிகர் லெனார்ட் நிமோய். பிற்காலத்தில் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் ஸ்பாக் வேடத்தில் அவர் காட்டிய, உலகமே அறிந்த கை வணக்கம் இங்கிருந்து வந்ததுதான்.

யூதக் கல்லறைகளில் இந்த இரு கைகளைச் செதுக்கிய கல்லைப் பார்த்தால் அங்கே கிடப்பவர் ஆசாரிய வம்சத்தவர் என்று தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் ஊற்றும் கூஜா செதுக்கியிருந்தால் லேவியர். எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் குடும்பப் பெயர் இது.

1979இல் எருசலேமின் பழைய நகருக்கு வெளியே, கேதேப் இன்னோம் என்ற இடத்தில், தொல்லியலாளர் காபிரியேல் பர்காய் தோண்டிய ஒரு கல்லறைக் குகையில் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. விரித்துப் பார்த்தால் பெரியது சுமார் 10 சென்டிமீட்டர், சிறியது 4 சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. மேலே கீறியிருந்தது இதே ஆசாரிய ஆசீர்வாதத்தின் வரிகள். கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதி அல்லது ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று காலம் கணிக்கிறார்கள். பைபிளில் உள்ள வாசகங்களுக்கு இதைவிடப் பழைய பிரதி இதுவரை கிடைக்கவில்லை. என்னை நெகிழ வைப்பது இன்னொன்று. ஆசாரியர் பிணத்தின் அருகே போகக்கூடாது என்பது லேவியராகமச் சட்டம். நெருங்கிய உறவு இறந்தால் மட்டுமே விலக்கு. ஆக, அவர்கள் சொல்லும் வாழ்த்து இத்தனை ஆண்டுகள் பத்திரமாக இருந்தது அவர்கள் கால் வைக்கக்கூடாத இடத்தில். அந்தச் சட்டத்தை இன்றும் கடைப்பிடிக்கிற குடும்பங்கள் உண்டு. கோஹன்களைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், பாதையை ஒட்டிப் புதைப்பார்கள். அப்போதுதான் மகன் உள்ளே நுழையாமல் பாதையில் நின்றே அப்பாவின் கல்லைப் பார்க்க முடியும்.

இனி இது எப்படிக் குடும்பப் பெயர் ஆனது என்பதற்கு வருகிறேன்.

நூற்றாண்டுகளாக யூதர்கள் பலருக்கு நிரந்தரக் குடும்பப் பெயர் இல்லை. இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். ஆசாரிய வம்சமாக இருந்தால் பெயருக்குப் பின்னால் 'ஹகோஹேன்' என்று ஒரு பட்டம் சேரும். ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் அது சீக்கிரமே குடும்பப் பெயராக உறைந்தது. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் அரசாங்கம் தலையிட வேண்டியிருந்தது. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுக்கு நிலையான பெயர் தேவைப்பட்டது. 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், யூதர்கள் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 1808இல் நெப்போலியனின் பிரான்ஸ் அதே வழியில் போனது. அந்த ஆணையில், புதிதாகப் பெயர் எடுப்பவர்கள் பழைய ஏற்பாட்டுப் பெயரை எடுக்கக்கூடாது என்றே ஒரு விதி இருந்தது. 1812இல் பிரஷ்யா. புதுப் பெயருக்கு எங்கே போவது என்று பலரும் ஊர்ப் பெயரையும் தொழில் பெயரையும் தேடிக்கொண்டிருந்தபோது, ஆசாரிய வம்சத்தாரில் பலருக்கு அந்தக் கவலை இல்லை. பட்டத்தையே பெயராகச் சொன்னார்கள். வெவ்வேறு நாட்டில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே, ஒரே பெயர். இந்தப் பெயர் இவ்வளவு பெருகியதற்கு இதுதான் காரணம். ஒரே ஒரு கோஹனிலிருந்து எல்லாக் கோஹன்களும் இந்தப் பெயரை வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரே பெயர் என்றேன். ஆனால் ஒலி ஊருக்கு ஊர் மாறிவிட்டது. ஜெர்மன் பேசும் இடங்களில் கோன், கான். ருஷ்ய மொழியில் 'ஹ' என்ற ஒலி இல்லாததால் 'க' வந்து உட்கார்ந்து ககான், கோகன் ஆனது. தகப்பன் வழி விகுதியும் சேர்ந்தால் ககானோவிச். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி எலீனா ககனின் பெயரும் ஸ்டாலினின் அமைச்சராக இருந்த லாசர் ககானோவிச்சின் பெயரும் ஒரே வேரில் வந்தவை. காட்ஸ் என்ற பெயர் ஜெர்மன் காதுக்குப் பூனையின் பெயர்போல ஒலிக்கும். ஆனால் யூதக் குடும்பங்களில் அது 'கோஹேன் ட்செடெக்', அதாவது நீதியின் ஆசாரியன் என்ற தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். மசே என்ற பெயரும் இப்படித்தான்: 'ஆசாரியனாகிய ஆரோனின் வித்திலிருந்து' என்ற முழுத் தொடரே சில எபிரேய எழுத்துகளுக்குள் அடங்கியிருக்கிறது. கிறிஸ்தவப் பாதிரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த கப்லான் என்ற பெயரை எடுத்துக்கொண்ட ஆசாரியக் குடும்பங்களும் உண்டு.

சில பெயர்கள் பயணத்தையே சொல்கின்றன. 1997இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கிளாட் கோஹன்-தனூஜி அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிறந்த பிரெஞ்சுக்காரர். தம் பெயருக்கு 'டாஞ்சியர் நகரத்துக் கோஹன் குடும்பம்' என்பதுதான் பொருள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு, மொராக்கோ, துனிசியா, அல்ஜீரியா என்று வந்த குடும்பம்.

அப்புறம், பெயர் இருப்பதாலேயே வம்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. டாக்கா நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லூயிஸ் கான் பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் ஷ்முயிலோவ்ஸ்கி. அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு குடும்பம் கான் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்க நாடகக்காரர் ஜார்ஜ் எம். கோஹனின் குடும்பம் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், அந்தப் பெயரும் ஐரிஷ் பெயர்தான். எதிர்ப்புறமும் உண்மை. ஆசாரிய வம்சத்தவர் எத்தனையோ பேர் வேறு வேறு பெயர்களில் இருக்கிறார்கள்.

பெயரையும் மரபையும் சேர்த்தே சுமந்தவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பாடகர் லெனார்ட் கோஹன். 1934இல் மான்ட்ரியாலில் பிறந்தவர். நீ ஆரோனின் வழியில் வந்தவன் என்று சின்ன வயதிலேயே வீட்டில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். 2009 செப்டம்பரில் இஸ்ரேலின் ராமத் கான் விளையாட்டரங்கில், தமது 75ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் கழித்து, நிகழ்ச்சியின் இறுதியில் அந்த 15 சொற்களை எபிரேயத்தில் சொல்லிப் பெருங்கூட்டத்தை ஆசீர்வதித்தார். கை விரல்கள் நான் முன்பு சொன்ன அதே அமைப்பில். பாடகர் ரசிகர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். அன்றைக்கு அவர் தம் குடும்பப் பெயர் சொல்கிற வேலையைச் செய்தார்.

இத்தனை நாடு சுற்றிய பெயருக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரே முன்னோர் இருந்தாரா? இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனவர் கார்ல் ஸ்கோரெக்கி. சிறுநீரக மருத்துவர், தாமும் ஆசாரிய வம்சத்தவர். ஜெப ஆலயத்தில் வட ஆப்பிரிக்க வழிவந்த ஓர் ஆசாரியரைத் தோரா வாசிக்க அழைத்தபோது, தோற்றத்தில் தமக்கும் அவருக்கும் ஒற்றுமையே இல்லையே, ஆரோன் ஒருவரே தகப்பன் என்றால் ஒய் குரோமோசோமில் தடயம் இருக்க வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. ஆசாரியப் பதவியும் அதே வழியில்தான் போகிறது. 1997இல் 'நேச்சர்' இதழில் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, கிழக்கு ஐரோப்பிய வழியினரோ ஸ்பானிய வழியினரோ, ஆசாரிய வம்சத்தார் மற்ற யூத ஆண்களிலிருந்து வேறுபட்டுத் தங்களுக்குள் நெருங்கியிருப்பதைக் காட்டியது. அப்போது பத்திரிகைகள் 'ஆரோனின் மரபணு கிடைத்தது' என்கிற தோரணையில் எழுதின. 2009இல் இன்னும் விரிவாகச் செய்த ஆய்வில், ஆசாரியர்களில் சுமார் 46 சதவீதம் பேர் மத்திய கிழக்கில் தோன்றிய ஒரே தந்தை வழியில் வருகிறார்கள் என்று தெரிந்தது.

46 சதவீதம் என்பது பிரமிக்க வைக்கும் எண்ணிக்கை. அதே நேரத்தில், பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு வழிகளில் வருகிறார்கள் என்றும் அது சொல்கிறது. அந்த ஒரு மூதாதை ஆரோன்தானா என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. யூத சமயச் சட்டமும் இதை நம்பி நிற்கவில்லை. 'உன் அப்பா ஆசாரியர், நீயும் ஆசாரியர்' என்று வீட்டில் சொல்லி வளர்த்ததும், ஊர் அதை ஏற்றுக்கொண்டதும்தான் ஆதாரம். மரபணுவை வைத்து யாரையும் ஆசாரியர் ஆக்குவதும் இல்லை, நீக்குவதும் இல்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கடமையைச் செய்து வந்தவர்களிடம் போய் இரத்தத்தைக் காட்டு என்று கேட்பது அந்தக் கடமையைச் சிறுமைப்படுத்துவதாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தப் பெயர் ஒருவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும் இடமும் உண்டு. விவாகரத்து ஆன பெண்ணை ஆசாரியர் மணக்கக்கூடாது என்று லேவியராகமம் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. யூத மதத்துக்கு மாறி வந்த பெண்ணையும் மணக்கக்கூடாது என்பது பிற்காலச் சட்ட அறிஞர்களின் முடிவு. சீர்திருத்த யூதப் பிரிவினர் இந்த வேறுபாடுகளையே விட்டுவிட்டார்கள். இஸ்ரேலில் அப்படி இல்லை. அங்கே யூதர்களின் திருமணம் மதத் தலைமை அலுவலகத்தின் வழியாகத்தான் நடக்க முடியும். கோஹன் என்ற பெயரோடு ஓர் ஆண் விண்ணப்பித்து, மணப்பெண் ஏற்கெனவே மணமாகி விவாகரத்துப் பெற்றவர் என்றால், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வாழ்க்கையில் ஒரு நாளும் ஜெப ஆலயப் பக்கம் போகாதவராக இருந்தாலும் அதே பதில்தான். காதலித்த இருவருக்கு இது கொடுமை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அப்படிப்பட்டவர்களில் பலர் சைப்ரஸுக்குப் போய்ச் சிவில் திருமணம் செய்துகொண்டு வருகிறார்கள். நாடு திரும்பியதும் அரசு அவர்களைத் தம்பதியாகப் பதிவு செய்துகொள்கிறது.

அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தால் சமயச் சட்டப்படி அவன் ஆசாரியன் இல்லை. தோரா வாசிப்பில் முதல் அழைப்பு அவனுக்கு வராது, ஆசீர்வதிக்க முன்னால் போய் நிற்க முடியாது. அவன் விரும்பினால் விவாகரத்து ஆன பெண்ணை மணக்கலாம், கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் தாராளமாகப் போகலாம். அவனுடைய பிறப்புச் சான்றிதழில் இருக்கும் குடும்பப் பெயர் மட்டும் அதே கோஹன்தான்.

வணக்கம்.